மாமரத்து வண்டின் கொம்பு

ஒரு செத்த வண்டுக்கு இன்னொரு செத்த வண்டின் கொம்பை ஒட்டிவைத்தவன் நான். ஒட்டியதோடு நிற்காமல், தூர நின்று பார்த்து என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன். அத்தனை பெரிய முட்டாள்.

எழுபதுகளின் கடைசி. நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் மியூசியத்துக்கு அட்டெண்டர் வேலை. டெம்பரவரிதான், பெர்மனென்ட் ஆர்டர் வருகிற நேரம். பேராசிரியர் சண்முகம் சார் குமாரபாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. இமயமலையில் மரங்கள் முடிகிற உயரத்தில் மட்டும் இருக்கும் ஒரு நீள்கொம்பு வண்டைத் தேடி இரண்டு கோடை லீவை அங்கேயே கழித்தவர். கிடைத்தது ஏழு வண்டு. கூடவே வந்தது தீராத இருமல்.

அது யாரும் பெயர் வைக்காத இனம் என்று நம்பினார். உறுதி செய்ய, வடக்கே ஒரு பெரிய மியூசியத்துக்கு ஏழையும் அனுப்ப வேண்டும். அவருடைய டாக்டர் பட்டமே அதில்தான் இருந்தது.

"நீயே பேக் பண்ணு முத்து. உன் கைதான் நடுங்காது," என்றார்.

நடுங்காத கைக்காரன் என்ன செய்தேன்? லேப் அசிஸ்டென்ட் சரோஜா அக்காவுக்கு, பிரின்சிபால் நடப்பதுபோல் நடந்து காட்டினேன். முழங்கை பெட்டியில் இடித்தது. ஒரு வண்டின் இரண்டு கொம்பும் ஒடிந்து விழுந்தன. தேடுகிறேன் என்று நானே மிதித்தேன்.

"சார்கிட்டச் சொல்லிப்போடு," என்றார் அக்கா.

"சொன்னா ஆர்டர் வராதுங்கக்கா. கூத்துல ஒட்டுமீசை வெக்கறதில்லீங்களா?"

அடுத்த டிராயரில் நாமகிரிப்பேட்டை மாந்தோப்பில் பிடித்த வண்டு இருந்தது. அதன் கொம்பைக் கழற்றி, பசை தொட்டு ஒட்டினேன். பார்சல் போனது.

இரண்டு மாதத்தில் பெட்டி கடிதத்தோடு திரும்பி வந்தது. ஒரு வண்டின் கொம்பு சமவெளி மாமரத்து வண்டினுடையது, ஆகவே மற்றவற்றையும் நம்புவதற்கில்லை என்று எழுதியிருந்தார்கள். சார் அதை இரண்டு முறை படித்தார்.

"முத்து, பெட்டிய உன்னத் தவிர யாராச்சும் தொட்டாங்களா?"

"இல்லீங்க சார். வண்டே மாத்தி வெச்சுக்கிட்டிருக்குமுங்க."

அவர் சிரிக்கவில்லை. பிரின்சிபாலிடம் தன்னுடைய கவனக்குறைவு என்று எழுதிக்கொடுத்தார். மோசடிக்காரர் என்ற பேச்சு மட்டும் ஸ்டாஃப் ரூமில் தங்கிவிட்டது. அந்த மாதமே எனக்கு ஆர்டர் வந்தது. அவர் ஆராய்ச்சியை விட்டார். பெட்டியை பீரோ மேல் போட்டவர், நாப்தலின் உருண்டை வைக்கவும் விடவில்லை. மூன்று மழைக்காலத்தில் வண்டுகளைப் பூச்சி அரித்து, அவற்றைக் குத்தியிருந்த ஏழு ஊசியும் விவரம் எழுதிய ஏழு சீட்டும் மிஞ்சின.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒடிந்தது ஒடிந்ததாகவே இருக்கட்டும். யார் ஒடித்தது என்று பக்கத்தில் ஒரு சீட்டு வையுங்கள்.

நான் அந்தச் சீட்டை எழுத எண்பதுகளின் நடுப்பகுதி ஆனது. இருமல் முற்றி சார் படுத்துவிட்டார் என்று கேட்டு, குமாரபாளையம் போனேன். பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த ஜோக் எதுவும் வாய்க்கு வரவில்லை. கட்டிலருகே நின்று முழுவதையும் சொல்லி முடித்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா மிச்ச ஆறும் பொழச்சிருக்கும்."