நாகமணியின் கோலாலம்பூர் மலாய்

ஹம்சா அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நடத்தும் டேகேரில் நாகமணி உதவிக்கு இருந்தாள். "கோலாலம்பூர்ல ஒம்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். மலாய், இந்தோனேஷியன் ரெண்டும் ஒண்ணுதான்" என்று அவள் அடித்துவிட்டதை நம்பித்தான், ஜகார்த்தாவிலிருந்து வந்த மூன்று வயது பீமாவை ஹம்சா சேர்த்துக்கொண்டாள்.

முதல் நாள் பீமாவின் அம்மா படபடவென்று பேசியதில் நாகமணிக்குப் பாதிதான் புரிந்தது. சாப்பாடும் தூக்கமும் அதே சொற்கள். காரும் ஷூவும் வேறு, ராகமும் வேறு. அன்றிலிருந்து பையனிடம் ஆங்கிலத்திலேயே பேசினாள். அவனோ ஓயாமல் அழுதான்.

"இன்னைக்கும் அழுதான்னா வேற இடம் பாத்துக்கச் சொல்லிடுவேன் நாகு. பாவம், அவங்கம்மா புது வேலைய விடணும்" என்றாள் ஹம்சா ஒரு நாள் காலையில்.

நாகமணி தரையில் உட்கார்ந்து, வருவது வரட்டும் என்று, தன் சந்தைக்கடை மலாயில் சாப்பிடக் கூப்பிட்டாள். பீமா சட்டென்று அழுகையை நிறுத்தினான். பிறகு கெக்கெக்கே என்று சிரித்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னான்.

மாலையில் விஷயத்தைக் கேட்டு அவன் அம்மாவும் சிரித்தாள். வீட்டில் அவன் தினமும் பார்ப்பது மலேசியக் கார்ட்டூனாம். அதில் வருகிறவர்கள் அச்சாக இப்படித்தான் பேசுவார்களாம்.

"ஒம்பது வருஷத்துல கார்ட்டூன் பாஷைதான் கத்துக்கிட்டியாடி?"

"அழுகை நின்னுச்சா இல்லையா?"

கிளம்பும்போது நாகமணி ஷூவை எடுத்து, மலாயில் "காசுட்" என்றாள். பீமா காலை இழுத்துக்கொண்டான். "செப்பாத்து" என்று அவன் ஊர்ச் சொல்லாக அவள் திருத்திச் சொன்ன பிறகுதான் நீட்டினான்.