பொக்லைனுக்குப் பொட்டு வைத்த தங்கமாரி

தங்கமாரியை முதலாளி விரட்டிவிட்டார் என்று யார் சொன்னது? அவள் டிரைவர் அய்யாத்துரையோடு ஓடிப்போனாள் என்று இன்னொரு கதை. விரட்டினார் என்றால் எதற்கு ஓட வேண்டும்? ஓடினாள் என்றால் எதற்கு விரட்ட வேண்டும்? ஒரு பொய்யையாவது ஒழுங்காகச் சொல்லக் கூடாதா இந்தப் பிள்ளைப்பாக்கத்துக்காரிகள்? அவள் வேலை பார்த்த யார்டுக்கு எதிர்வீட்டு சரோஜா தண்ணீர் லாரி வரிசையில் குடத்தை வைத்துவிட்டுச் சொன்னாளாம்: "அவ நெத்திப் பொட்டு அவன் வண்டில ஒட்டிகினு இருந்துச்சுடி. என் கண்ணால பாத்தேன்." பார்த்தது நிஜம். பொட்டு ஒட்டியிருந்ததும் நிஜம். ஏன் ஒட்டியிருந்தது என்று கேட்டாளா? கேட்கமாட்டாள். கேட்டால் கதை போய்விடுமே.

நடந்ததைச் சொன்னால் கேட்டுக்கொள்ளட்டும்.

தங்கமாரி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் வண்டிகளுக்கு ஏர் ஃபில்டர் செய்கிற கம்பெனியில் ஏழு வருஷம் லைனில் நின்றவள். மஞ்சள் காகிதத்தை விசிறி மாதிரி மடித்து, வட்டமாகச் சுற்றி, இரண்டு முனையிலும் ரப்பர் வைக்கிற வேலை. காண்ட்ராக்ட் முடிந்தது என்று ஒருநாள் அனுப்பிவிட்டார்கள். கூட இருந்த பெண்கள் எல்லாம் ஊருக்கு பஸ் ஏற, இவள் மட்டும் கோதண்டராமன் யார்டில் ஸ்டோர் பார்க்கும் வேலையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டோரை ஒட்டியே ஒரு ரூம். முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகாதவள், தனியாக இருக்கிறாள் என்றால் ஊர் வாய்க்குக் கேட்கவா வேண்டும்?

கோதண்டராமன் நெல் போட்ட நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பொக்லைன் வாங்கி மண் வேலைக்கு விட்டவர். அதில் அய்யாத்துரை ஓட்டுகிற வண்டிதான் அவரைப் படுத்தி எடுத்தது. வருஷம் திரும்புவதற்குள் இரண்டு தடவை இன்ஜின் தேய்ந்து, கறுப்புப் புகை தள்ளி, ஆயிலைக் குடித்தது. மெக்கானிக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சவுடு மண். மூன்றாவது தடவை இன்ஜினைப் பூட்டியபோது அவர் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

"இதான் கடைசி. இந்தத் தபாவும் மண்ணைத் துன்னுச்சின்னா வண்டிய வித்துட்டு வூட்ல குந்திக்குவேன். டிரைவரும் வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான்."

அய்யாத்துரைக்கு முகம் செத்துவிட்டது. கயத்தாறில் மனைவி, இரண்டு பிள்ளைகள். இந்த ஒரு வண்டியை நம்பித்தான் அடுப்பு எரிகிறது.

முதலாளி மகன் மோகன் ஒரு ஃபில்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். சிவப்பாக, பார்க்க அழகாக இருந்தது. அவன் ஞாயிற்றுக்கிழமையானால் நண்பர்களோடு காட்டிலும் சேற்றிலும் ஜீப் ஓட்டுகிறவன்.

"ஆயில் தடவின காட்டன் ஃபில்டர். ரேஸ் ஜீப்ல இதான் போடுவோம். கழுவிக் கழுவிப் போட்டுக்கலாம். காத்து சும்மா ஜிவ்வுனு இழுக்கும்."

தங்கமாரி அதை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

"இழுக்கும் தம்பி. தூசியையும் சேத்து இழுக்கும். உங்க ஜீப்பு ஒருநாள் குதிச்சிட்டு ஆறு நாள் ஷெட்ல தூங்கும். இது விடிஞ்சதுல இருந்து பொழுது அடையுத வரை புழுதிக்குள்ள நின்னு மூச்சு விடுத வண்டி. இதுக்கு வேகமா வேணும்? ஆயுசுல்லா வேணும்."

"அப்ப நீ சொல்லு, எதைப் போடணும்?" என்றார் கோதண்டராமன்.

அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மோகன் தண்டலத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு பைக்கை விட, இவள் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினாள். கடைக்காரர் எடுத்துப் போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒன்றில் மடிப்பு ஒரு பக்கம் நெருங்கி ஒரு பக்கம் வாய் பிளந்து கிடந்தது. ஒன்றில் ரப்பர் விளிம்பை நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி இருந்தது. "இது பெட்டியோட ஒட்டி உக்காராது, சந்து வழியா மண்ணு போவும்." கடைக்காரர் கடுப்பாகி, "பொண்ணு பாக்க வந்தவங்ககூட இப்டிப் பாக்கமாட்டாங்கம்மா" என்றார். கடைசியில் வெளியே பெரிய காகித ஃபில்டர், அதன் வயிற்றுக்குள் சின்னதாக இன்னொன்று, மேலே குமிழ் மாதிரி ஒரு மூடி என்று எடுத்தாள். அந்த மூடி காற்றைச் சுழற்றிப் பெரிய தூசியை வெளியிலேயே வீசிவிடும்.

"கோடை முடியுத வரைக்கும் இன்ஜினுக்குள்ள ஒரு சிட்டிகை மண்ணு போச்சுன்னா நான் பெட்டியத் தூக்கிட்டுப் போயிருதேன் மொதலாளி. ஆனா ஃபில்டரு அடைச்சா டேஷ்போர்டுல செவப்பு லைட்டு எரியும், அது எரியாம யாரும் தொறக்கக் கூடாது."

அங்கேதான் வந்தது வினை. அய்யாத்துரை சுத்தக்காரன். டீ குடிக்க நிறுத்தினால் ஃபில்டரை உருவி டயரில் நாலு தட்டு தட்டுவான். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் காற்றடிப்பான். வண்டியை அவனைப் போலப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று பென்னலூர் வரை பெயர்.

"தட்டுத தட்டுல காயிதம் கிழியுது அண்ணாச்சி. தொறக்கையில எல்லாம் மண்ணு உள்ள விழுது. மேல கொஞ்சம் தூசி படிஞ்சாத்தான் அது இன்னும் நல்லா வடிகட்டும்."

"அழுக்கா இருந்தா நல்லதா? ஏ பிள்ள, நீ குளிக்கிறதுண்டா இல்லையா?"

வாயால் சொல்லி ஆகாது என்று தெரிந்துபோயிற்று. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, ஃபில்டர் பெட்டியின் மூடியும் அடிப்பாகமும் சேரும் இடத்தில் பாதிக்குப் பாதி ஒட்டினாள். திறந்தால் பிய்யும். சரோஜா பார்த்த பொட்டு அதுதான். முத்திரை வைக்க அவளிடம் அரக்கா இருந்தது?

பொட்டு இருபது நாள் இருந்தது. அமாவாசையன்று காணோம்.

வண்டிக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக் கற்பூரம் காட்டுகிற நாள். அழுக்கு ஃபில்டரோடு சாமிக்கு முன்னால் நிறுத்த அய்யாத்துரைக்கு மனசு வரவில்லை. சோப்புத் தூள் போட்டு அலசி, வெயிலில் காயவைத்து, சந்தனமும் தொட்டு மாட்டிவிட்டான். தங்கமாரி அதைக் கழற்றி, ஸ்டோருக்குள் இருட்டான மூலைக்குக் கொண்டுபோய், செல்போன் டார்ச்சை உள்ளே விட்டாள். காகிதம் முழுக்க ஊசி ஊசியாக வெளிச்சம்.

"எண்ணிக்கிடுங்க அண்ணாச்சி. ஒவ்வொண்ணும் ஒரு வாசல்."

அவன் எண்ணவில்லை. உள்ளே இருந்த சின்ன ஃபில்டரைத் தடவிப் பார்த்தான். விரலில் சிவப்பு மண். "இது மட்டும் இல்லேன்னா?"

"இன்ஜினுக்குப் போயிருக்கும்."

"மொதலாளிகிட்ட சொல்லிராத தாயி."

அவள் சொல்லவில்லை. சின்னதும் பெரியதுமாகப் புது ஃபில்டர் வேண்டும் என்று மட்டும் போய்க் கேட்டாள். கோதண்டராமன் யார்டு நடுவில் நின்று கத்தினார். "கோடை முழுக்கத் தாங்கும்னியே, ஒரு மாசம் ஆவல! என்னாத்த கிழிச்ச நீ?" பழைய ஃபில்டர் இருந்த அட்டைப்பெட்டியைத் தூக்கி வாசலில் எறிந்தார். சரோஜா அதையும் பார்த்துவிட்டாள். பெட்டி பறந்ததும் ஆளே பறந்ததாக ஊருக்குள் சொல்லியாயிற்று. மறுநாள் காலை அவரே புது ஃபில்டர் வாங்கி வந்ததை மட்டும் அவள் கண் பார்க்கவில்லை.

அன்றையிலிருந்து அய்யாத்துரை கை நீளவில்லை. டீ நேரத்தில் ஃபில்டர் பெட்டியைப் பார்ப்பான், பெருமூச்சு விடுவான், கண்ணாடியைத் துடைத்து ஆசையைத் தீர்த்துக்கொள்வான். சித்திரை போய், வைகாசி போய், முதல் மழை பெய்தது. மெக்கானிக் வந்து ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே போகிற குழாயைக் கழற்றினார். வாலாஜாபாத் பக்கம் கல்குவாரி வைத்திருக்கும் புருஷோத்தமன் வண்டி வாடகை பேச வந்தவர், அவரும் எட்டிப் பார்த்தார். கோதண்டராமன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைக் குழாய்க்குள் விட்டுத் துழாவினார். துண்டு வெளியே வந்தது. திருப்பிப் பார்த்தார், விரித்துப் பார்த்தார்.

"துண்டுக்கு சோப்பே வேணாம் போலகீதே!"

அய்யாத்துரை முன்னால் வந்து அமாவாசைக் கதையை அவனே கொட்டிவிட்டான். கோதண்டராமன் அவனைத் திட்டவில்லை, இவளைத் திட்டினார். "அத்தினி திட்டு திட்டினேனே, வாயில கொழுக்கட்டையா வெச்சிகினு இருந்த?"

"சொல்லியிருந்தா அண்ணாச்சிக்கு வேலைதான் போயிருக்கும். புத்தி வந்திருக்காது."

புருஷோத்தமன் சிரித்தார். "எங்கிட்ட பன்னெண்டு வண்டி கீது. கல்லு தூசி, மாவு மாதிரி. வர்றியாம்மா?"

"ஸ்டோர்ல ஃபேன் உண்டா?" என்று கேட்டாள் தங்கமாரி.

கோதண்டராமன் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு திரிந்தார். பிறகு, மாசத்துக்கு ஒரு தபா வந்து நம்ம வண்டியையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவளைக் குவாரிக்கு அனுப்பச் சம்மதித்தார். ஒரு திங்கட்கிழமை காலை, ட்ரங்குப் பெட்டி கனம் என்று அய்யாத்துரை அதை மட்டும் பைக்கில் கட்டி பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுபோனான். அவள் நிதானமாக ஸ்டோரைப் பெருக்கி, சாவியை ஆணியில் மாட்டி, செருப்பைப் போட்டாள்.

"யம்மா, அந்த உள்ளே கீற சின்ன ஃபில்டரு எப்ப மாத்தணும்?" உள்ளேயிருந்து கோதண்டராமன் கத்தினார்.

"வெளிய உள்ளதை மூணு தடவை மாத்துனா, அதை ஒரு தடவை மொதலாளி. அதைத் தட்டவும் கூடாது, ஊதவும் கூடாது!" என்று சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டினாள்.