விண்டோஸ் காணாமல் போன முற்பகல்

எங்கள் கடை திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கிறிஸ்தவப் பிள்ளைகளின் புதுநன்மை அட்டை, காதுகுத்து ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று என் கணவர் பதினெட்டு வருடங்களாக வடிவமைத்துக் கொடுக்கிறார். கடையில் இருப்பது ஒரே கணினி. அவர் பயன்படுத்தும் மென்பொருள் பழையது. அதன் சிடி எப்போதோ தொலைந்துவிட்டது. அந்தக் கணினியில் இருக்கும்வரைதான் அது.

நான் கணக்கு டீச்சராக இருந்தவள். பத்தொன்பது வருடம் ஐம்பது பிள்ளைகளுக்குக் கேட்கும்படி கத்தியதில் குரல்நாணில் முடிச்சு விழுந்துவிட்டது. இரண்டு முறை சிகிச்சை எடுத்தும் டாக்டர், இனி வகுப்பு வேண்டாம் என்றார். வீட்டில் சும்மா இருந்த முதல் மூன்று மாதம் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. தொண்டை மட்டும் காரணமில்லை.

கல்லூரியில் படிக்கும் மகள்தான் இணையத்தில் ஓர் இலவசப் படிப்பைக் காட்டினாள். நிறுவனங்களின் சர்வர்களை, அதாவது இரவு பகலாக ஓடும் பொதுக் கணினிகளை, பராமரிக்கும் வேலைக்கான படிப்பு. "பேசவே வேணாம்மா, எல்லாம் டைப் பண்றதுதான்" என்றாள். சேர்ந்தேன். இரண்டாம் பாடத்திலேயே, விண்டோஸைப் போல இன்னோர் இயங்குதளமான லினக்ஸ் வேண்டும் என்றார்கள். வீட்டிலிருந்த மடிக்கணினியை மகள் விடுதிக்குக் கொண்டுபோயிருந்தாள். மிச்சமிருந்தது கடைக் கணினி ஒன்றுதான். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டிப் பார்த்தேன். ஓர் எழுத்து அடித்தால் அது திரைக்கு வருவதற்குள் அடுத்த வரி மறந்துபோனது.

ஒரே கணினியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுவலாம், தொடங்கும்போது எது வேண்டுமோ தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று படித்தேன். கணவரிடம் கேட்க ஒரு வாரம் தயங்கினேன்.

"ஃபைல காப்பி எடுத்து வச்சிரலாம், சரி. சாப்ட்வேர் போயிட்டா என்ன பண்றது?" என்று கேட்டார்.

"போகாதுன்னுதான் போட்டிருக்காங்க."

"போட்டிருக்கிறவங்க வந்து பத்திரிகை அடிச்சுத் தருவாங்களா?"

மறுநாள் காலையில் அவரே, "வியாழக்கிழம வேல கம்மிதான். அன்னைக்குப் பண்ணு" என்றார்.

புதன்கிழமை எல்லாக் கோப்புகளையும் தனி வன்தட்டில் நகலெடுத்தேன். வியாழன் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். விண்டோஸ் இருந்த இடத்தைக் கொஞ்சம் சுருக்கி, பக்கத்தில் காலியிடம் ஒதுக்கி, பென்டிரைவைச் செருகி லினக்ஸை அங்கே ஏற்றினேன். ஒவ்வொரு பொத்தானையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் அழுத்தினேன். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. பென்டிரைவை உருவிவிட்டு மீண்டும் தொடங்கச் சொன்னேன்.

இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும் பட்டியல் வரவேண்டும். வரவில்லை. நேராக லினக்ஸ் வந்து நின்றது. அணைத்துப் போட்டேன். மறுபடியும் லினக்ஸ். மூன்றாவது முறையும் அதேதான்.

கணவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "நம்மளுது எங்க?" என்றார். விண்டோஸ் என்றுகூடச் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துப் படியேறி ஓர் அம்மா வந்தார். எரியோட்டில் புதுவீடு கட்டியிருக்கிறார்; இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை வைக்கும் புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை கொடுத்திருந்தார். "மாதிரி ரெடியாண்ணே? பாத்துச் சொல்லிட்டா நீங்க அடிச்சிரலாம்ல" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

எனக்கு ஒன்று தோன்றியது. லினக்ஸின் கோப்புப் பகுதியைத் திறந்தேன். விண்டோஸ் வட்டு ஓரத்தில் தெரிந்தது. உள்ளே போனால் அவருடைய கோப்புறைகள் வருடவாரியாக அப்படியே இருந்தன. பத்திரிகையின் மூலக் கோப்பைத் திறக்க இங்கே வழியில்லை. ஆனால் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக அவர் எடுத்து வைத்திருந்த பிடிஎஃப் பக்கத்திலேயே இருந்தது. சொடுக்கினேன். மஞ்சள் பின்னணியில் பூரண கும்பத்தோடு பத்திரிகை திரையில் விரிந்தது. அவரிடமிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்ததை முதுகில் உணர்ந்தேன்.

அந்த அம்மா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். "பேரெல்லாம் சரியா இருக்கு. ஐயையோ, நேரம் தப்பாச்சே! பத்தரைல இருந்து பதினொண்ணரைன்னு போட்டிருக்கு. வெள்ளிக்கிழம பத்தரைக்கு மேல ராகு காலம்ல! ஒம்பதுல இருந்து பத்துதான் குறிச்சுக் குடுத்தது."

காட்டுவதற்குத்தான் லினக்ஸில் வழி இருந்தது, திருத்த இல்லை.

"செத்த நேரம் ஆகும்மா" என்றேன், என் கரகரத்த குரலில்.

"ஆகட்டும். நான் கதவுக்குக் கைப்பிடி பாக்கப் போறேன். ஒரு மணி நேரத்துல வாரேன்" என்று இறங்கிப் போனார்.

கணவர் என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "நான் ஒண்ணும் சொல்லல. இங்க நின்னா ஏதாச்சும் சொல்லிருவேன். கீழ நிக்கிறேன், நீ பாரு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தனியாக உட்கார்ந்தேன். வகுப்பில் ஒரு கணக்கு வராவிட்டால் பிள்ளைகளிடம், என்ன தெரியும் என்பதை முதலில் எழுது என்பேன். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். கோப்புகள் இருக்கின்றன. அப்படியானால் விண்டோஸ் அழியவில்லை. அழியவில்லை என்றால், தொடங்கும் பட்டியலுக்கு அது இருப்பது தெரியவில்லை, அவ்வளவுதான். இதை மட்டும் கைபேசியில் தேடினேன். என்னைப்போலவே பயந்துபோன பலர் அங்கே இருந்தார்கள். மற்ற இயங்குதளங்களைத் தேடாதே என்று அமைப்புக் கோப்பில் ஒரு கட்டளை இருக்கும். அதை மாற்றிவிட்டுப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒருவர் விளக்கியிருந்தார்.

கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். ஒருமுறை எழுத்துப்பிழை, மறுபடி அடித்தேன். வரிகள் ஓடின. கடைசிக்கு முந்தைய வரியில், விண்டோஸ் கண்டுபிடிக்கப்பட்டது என்று இருந்தது. கணினியை மீண்டும் தொடங்கினேன். பட்டியல் வந்தது. இரண்டு பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

படியின் உச்சிக்கு ஓடிப்போய்க் கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தம் எழும்பவில்லை. கையைத் தட்டினேன். அவர் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். விண்டோஸைத் தேர்ந்தெடுத்து, தன் மென்பொருளைத் திறந்து, நேரத்தைத் திருத்திய பிறகுதான் உட்கார்ந்தார். பிறகு திரையின் மூலையைப் பார்த்து, "ஏம்மா, மணி பதினொண்ணே கால். இதுல அஞ்சே முக்காலுன்னு காட்டுது?" என்றார். கணினியின் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்துக்கு மாற்றியிருந்தது. விண்டோஸ் அதையே நம்மூர் நேரமாக எடுத்துக்கொண்டது. இதற்கும் ஒரு கட்டளை இருந்தது. இந்த முறை அவர் பக்கத்தில் இருக்கும்போதே அதைத் தேடி அடித்தேன்.

அந்த அம்மா பையில் பித்தளைக் கைப்பிடிகளோடு திரும்பி வந்து, திருத்திய பத்திரிகையைப் பார்த்து, "இப்பத்தான் வீடு கட்டுன மாதிரி இருக்கு" என்றார்.

பிறகு காலை ஏழிலிருந்து பத்துவரை கணினி என்னுடையது, அதற்குமேல் அவருடையது என்று வைத்துக்கொண்டோம். படிப்பை முடிக்க எட்டு மாதமானது. விண்ணப்பித்த இடங்களில் முதல் நான்கிலிருந்து பதிலே இல்லை. ஐந்தாவது, கோயம்புத்தூரில் ஒரு சிறு நிறுவனம். எழுத்திலேயே தேர்வு வைத்தார்கள். தொடங்க மறுக்கும் ஒரு சர்வரைக் கொடுத்து, இதை எப்படி அணுகுவீர்கள் என்று கேட்டார்கள். என்ன தெரியும் என்பதை முதலில் எழுதினேன்.

ஆறு மாதப் பயிற்சி, வீட்டிலிருந்தே வேலை, கணினி அவர்களே அனுப்புகிறார்கள். நேற்று பெட்டி வந்தது. கணவர் பத்திரிகை அடுக்கும் மேசையில் பாதியை ஒதுக்கி, துடைத்து, பிளக் பாயிண்ட் எட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை சேர்கிறேன்.