சித்தி காரின் பின்விளக்கு

எங்கள் தெருவுக்கு வேன் விட்ட ஏஜெண்ட் அண்ணாச்சி ஒரு பொய்யர். என் சித்தியின் காரைப் பாடை என்று சொன்னவர் அவர்தான். அதில் ஏறுகிற பெண்கள் பிணமாகத்தான் இறங்குவார்கள் என்று எங்கள் வாசலில் நின்று சொன்னார். அந்தக் காரில் போன ஒருத்திக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது.

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் எங்கள் ஊர். தெருவில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாசுக் கம்பெனிக்குப் போவார்கள். விடியும் முன்னே வேன் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். வெயில் ஏறுவதற்குள் வெடிமருந்து வேலையை முடிக்க வேண்டும் என்பதால் அந்த நேரம். சாதாரண நாட்களில் பாதிப்பேர் வேனில் உட்கார்ந்து போவார்கள், பாதிப்பேர் நிற்பார்கள். தீபாவளி சீசன் வந்துவிட்டால் எல்லாருமே நின்றுகொண்டுதான். ஆள் ஏற்றுவதை அண்ணாச்சி லோடு ஏற்றுவது என்றுதான் சொல்வார். தலைக்கு இவ்வளவு என்று கம்பெனியில் அவருக்குக் காசு.

சித்தப்பா வாடகைக் கார் ஓட்டியவர். வெளிநாட்டுக்கு டிரைவர் வேலைக்குப் போனபோது தன்னுடைய பழைய சின்னக் காரை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். போவதற்கு முன் ஒரே ஒரு நல்ல காரியம் செய்தார்: சித்திக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்சும் எடுத்துக்கொடுத்தார். வேறு யாராக இருந்தாலும் அந்தக் காருக்கு அடியில் கோழி அடைய விட்டிருப்பார்கள். சித்தி விடவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா அப்போது ஏழு மாதம். புருஷன் இடுப்பு விலகிப் படுத்திருந்தார், அதனால் பிரசவம் வரை அவள் வேலைக்குப் போயே ஆக வேண்டும். அந்த வயிற்றோடு அவள் வேனில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவதைச் சித்தி பார்த்தாள். மறுநாள் காரை எடுத்தாள். அக்காவை முன்சீட்டில் உட்காரவைத்தாள். பின்சீட்டில் தெருப் பெண்கள் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் கார் ஓட்டிக்கொண்டு பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள் என்று அப்பா சொல்வார்.

அண்ணாச்சிக்கு லோடு குறைந்தது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை, விளக்கைச் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்து, காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

“இது காரா, பாடையா? பின்னால ஒரு வெளக்கு ஒழுங்கா எரியுதா? லாரிக்காரன் வந்து ஏத்துனாம்னா, அள்ளிட்டுப் போக நாந்தான் வேனைக் கொண்டாரணும்.”

சித்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. “வெளக்க நான் சரி பண்ணிக்கிறேன் அண்ணாச்சி. நீங்க வாயச் சரி பண்ணிட்டு வாங்க” என்றாள்.

அவர் நேராகப் போய்க் கம்பெனி போர்மேனிடம் சொல்லிவிட்டார். ஒயரிங் கெட்ட வண்டி வெளிக்கேட் பக்கம்கூட வரக்கூடாது, பொறி பறந்தால் யார் பொறுப்பு என்று போர்மேன் கேட்டாராம். திங்கட்கிழமை காலையில் தானே வந்து பார்ப்பதாகவும், எல்லா விளக்கும் சரியாக இருந்தால் கார் வரலாம், ஒன்று தவறினாலும் இனிமேல் வரவே கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். அந்த விதியை நான் குறை சொல்லமாட்டேன். பட்டாசுக் கம்பெனியில் அப்படித்தான் இருக்க வேண்டும். அக்கா மட்டும் மறுநாள் சாயங்காலம் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள். கார் போகாவிட்டால் அவளுக்கு மறுபடியும் வேன் கம்பிதான். இல்லையென்றால் வேலையை விட வேண்டும்.

உண்மையைச் சொன்னால் காரின் விளக்குகள் மோசம்தான். முன்விளக்குக் கண்ணாடிகள் மஞ்சள் தண்ணீரில் ஊறியதுபோல் இருந்தன. ஒன்று எரிந்தது, இன்னொன்று எரிவதுபோல் பாவனை செய்தது. இடதுபக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டால் அது பயந்த பிள்ளையின் நெஞ்சு மாதிரி படபடவென்று அடித்துக்கொள்ளும். பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடியில் முட்டை அளவுக்கு ஓட்டை.

ஞாயிற்றுக்கிழமை சித்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். சித்தப்பா போனில் வந்தார். எர்த் பிடிக்காவிட்டால் விளக்கு மங்கலாகத்தான் எரியும், அந்த ஒயர் உட்காருகிற இடத்தில் துருவைச் சுரண்டு என்றார். சித்தி என்னிடம் உப்புத்தாள் கேட்டாள். நான் ஓடிப்போய் வீட்டில் கிடந்த தீப்பெட்டி உரசும் பட்டையை ஒரு கட்டு அள்ளிக்கொண்டு வந்தேன். அதுவும் சொரசொரவென்றுதானே இருக்கிறது. சித்தி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “காருக்குத் தீ வைக்கச் சொல்லல தாயி, தேய்க்கத்தான் கேட்டேன்” என்றாள்.

கடையில் உப்புத்தாள் வாங்கி வந்தோம். தேய்த்து முடித்து ஸ்விட்சைப் போட்டதும் அந்தச் சோம்பேறி விளக்கு எதிர்ச் சுவரில் பளீரென்று அடித்தது. இண்டிகேட்டரில் ஒரு பல்பு அவிந்திருந்தது. அதை மாற்றியதும் படபடப்பு நின்றது. கைப்புத்தகமும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. போன் ஒரு தோளுக்கும் காதுக்கும் நடுவில், ஸ்குரு டிரைவர் பல்லுக்கு நடுவில். இப்படி வேலை பார்த்த பெண்ணை நான் பிறகு எங்கேயும் பார்த்ததில்லை.

பின்விளக்குதான் மிச்சம். அதற்கு என் தாய்மாமா வந்தார். அவருக்குச் சிவகாசியில் ஒரு அச்சாபீசில் மெஷின் வேலை. எங்கள் பக்கத்தில் எது உடைந்தாலும் அச்சாபீஸ் கழிவில் அதற்கு ஒரு தாள் இருக்கும் என்று நம்புகிறவர். கத்தை சிவப்புக் கண்ணாடித்தாளோடு வந்தார். முதலில் ஓட்டையின்மேல் ஒட்டினார். வெளிச்சம் ரோஸ் நிறத்தில் வந்தது. திருப்தி இல்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பல்பில் தாள் சுற்றுவார்களே, அதுபோல உள்ளே இருந்த பல்பின்மேலேயே மடித்து மடித்துச் சுற்றிவிட்டார். இப்போது நல்ல ரத்தச் சிவப்பு. சித்தி வேண்டாம் என்றுதான் சொன்னாள். “அச்சுக் கலர்ல எனக்கே பாடம் எடுக்கீகளா தங்கச்சி?” என்று கேட்டுவிட்டார்.

பிரேக்கை அழுத்துவது என் வேலை. சீட் நுனியில் சரிந்து உட்கார்ந்தால்தான் கால் எட்டும். அழுத்தினேன், எரிந்தது. காலை எடுத்தேன், அப்போதும் எரிந்தது.

“கால எடு.”

“எடுத்துட்டேன் மாமா.”

“பொய் சொல்லாத. எரியுதுல்ல?”

நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. பிரேக் பெடலில் ஒரு சின்ன ரப்பர் இருக்கும். பழைய கார்களில் அது பொடிந்து உதிர்ந்துவிடும். அப்புறம் காலை எடுத்தாலும் ஸ்விட்சு விடுபடாது, பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இது எங்களுக்குத் தெரியாது. மாமா பசையை எடுக்கப் போனார். சித்தி கையைக் கழுவப் போனாள். பல்பு சூடேறிக்கொண்டே இருந்தது.

முதலில் நாற்றம் வந்தது. பிறகு பின்விளக்கின் ஓட்டையிலிருந்து நூல் மாதிரி புகை. யாரோ ஒரு பெண் “புகையுது” என்றாள். கத்தக்கூட இல்லை, சொன்னாள்.

தெரு காலியாகிவிட்டது.

என்ன புகை, எங்கே புகை என்று ஒருவரும் கேட்கவில்லை. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைப் போட்டது போட்டபடி ஓடினார்கள். பிள்ளைகளைக் கையில் கிடைத்தபடி தூக்கிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிராக, கருவேலங்காட்டை ஒட்டிய பொட்டலுக்கு ஓடி அங்கே குப்புறப் படுத்தார்கள். மாமா பசைக் கிண்ணத்தோடு ஓடினார். காருக்குள்ளிருந்து பார்த்த எனக்குச் சிரிப்பு வந்தது. ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். அந்த ஓட்டத்தை அவர்கள் எங்கே கற்றுக்கொண்டார்கள், அதைக் கற்றபோது யாரெல்லாம் ஓட முடியாமல் போனார்கள் என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது.

தெருவே ஒரு பக்கம் ஓட, சித்தி ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம் வந்தாள். அவளுக்கும் அதே கம்பெனி, அதே ஷெட், அதே பழக்கம். அவள் காலும் பொட்டலுக்குத்தான் ஓடப் பார்த்திருக்கும். ஆனால் காரை நோக்கி வந்தாள். கதவைத் திறந்து என்னை ஒரு மூட்டை மாதிரி இழுத்து எதிர்வீட்டுச் சுவரோரம் தள்ளினாள். பானெட்டைத் தூக்கிப் பாட்டரி ஒயரை வெறுங்கையால் பிடுங்கினாள். ஒரு சின்னப் பொறி தெறித்தது. பொறியைக் கண்டால் எங்கள் ஊரில் யாரும் நிற்கமாட்டார்கள். அவள் நின்றாள். பிறகு ஒரு செம்புத் தண்ணீரைப் பின்விளக்கில் ஊற்றினாள். புகை அடங்கியது.

சுவரோரம் நின்ற எனக்குத் தெருமுனை தெரிந்தது. அங்கே அண்ணாச்சியின் வேன் நின்றிருந்தது. மறுநாள் லோடுக்கு ஆள் சொல்ல வந்தவர் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். டம்ளரை எறிந்துவிட்டு வண்டியில் ஏறினார். அக்காவால் மற்றவர்கள்போல் ஓட முடியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேன் நின்ற பக்கம் வேகமாக நடந்தாள். வேன் கிளம்பியது. அக்கா ரோட்டில் நின்று கையைக் காட்டினாள். காலி வேன். அவளைச் சுற்றி ஒடித்துத் திருப்பிக்கொண்டு சாத்தூர் ரோட்டில் போய்விட்டது. மசமசவென்று இருட்டுகிற நேரம். அந்த வேனுக்குப் பின்னால் ஒரு விளக்கும் எரியவில்லை.

சித்திதான் போய் அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள்.

பொட்டலிலிருந்து ஜனங்கள் திரும்பியபோது தெரு முழுக்கச் செருப்பு. ஒவ்வொருவராகத் தேடி எடுத்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை, மாமாவை யாரும் திட்டவும் இல்லை. அவராகவே வெட்கப்பட்டு விருதுநகருக்குப் பைக்கில் போனார். அங்கே பழைய கார் உடைக்கிற ஒருவரை வீட்டில் போய்ப் பிடித்து, அதே காருக்கான சிவப்புக் கண்ணாடியோடு வந்தார். சித்தப்பா போனில் பெடல் ரப்பரைப் பற்றிச் சொன்னார். யாரும் கேட்காமல் கிடந்த ஒற்றை ரப்பர் செருப்பிலிருந்து சித்தி ஒரு வட்டத்தை வெட்டி எடுத்துப் பெடலில் பொருத்தினாள். காலை எடுத்ததும் விளக்கு அணைந்தது.

திங்கட்கிழமை நடந்ததை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெளிக்கேட்டில் போர்மேன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். முன்விளக்கு, இண்டிகேட்டர், பிரேக் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, சித்தி ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாளாம். எதிலும் குறை இல்லை, வரலாம் என்றார். அந்த நேரம் அண்ணாச்சியின் வேன் வந்து நின்றது. சித்தி இறங்காமலே சொன்னாளாம்:

“சார், அந்த வேனுக்குப் பின்னாலயும் போய் ஒருக்கப் பாருங்க.”

போர்மேன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேலைக்கு நேரமாச்சு, எல்லாரும் ஷெட்டுக்குப் போங்க என்றார். வேனைப் பார்க்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, எந்த நாளும் பார்க்கவில்லை.

அக்கா பிரசவம் வரை முன்சீட்டில் உட்கார்ந்துதான் வேலைக்குப் போனாள். அது என் சித்தி செய்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்த இன்னொன்றும் இருக்கிறது. செருப்பெல்லாம் எடுத்து முடித்து எல்லாரும் வீட்டுக்குள் போன பிறகு நான் தெருமுனையில் போய் நின்றேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. அக்கா வந்து ஏன் நிற்கிறாய் என்று கேட்டாள். அண்ணாச்சி தீயணைப்பு வண்டியைக் கூட்டிவரப் போயிருக்கிறார், அவர் வந்தால் தீ அணைந்துவிட்டது என்று யாராவது சொல்ல வேண்டுமே என்றேன். ஒரு பெரிய ஆள், காலி வேனை எடுத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக வேறு எதற்குப் போவார்? அக்கா சாத்தூர் ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் தலையில் கையை வைத்தாள்.

“வருவாரு தாயி. நீ போய்ச் சாப்பிடு.”

அண்ணாச்சி, அக்கா இப்போதும் அதே தெருவில்தான் இருக்கிறாள். நீங்களும் அதே ஊரில்தான் இருக்கிறீர்கள். வருகிற கிராம சபையில் எழுந்து நின்று, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அன்றைக்குக் காலி வேனை எடுத்துக்கொண்டு எங்கே போனீர்கள்?