எஸ்தர் ஊன்றிய உசிலங்கன்றுகள்

“எஸ்தர் அக்கா நம்மள விட்டுட்டுப் போயிட்டாக்கா” என்று அவள் தம்பி போனில் சொன்னபோது சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு அவளைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். அவளிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் பள்ளியில் அவள் தாவரவியல், நான் கணக்கு. பனவடலிசத்திரம் ஓடைக்கரையில் குடை விரித்தாற்போல் நிற்கும் கிழட்டு உடை மரங்களை, இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி மழையில் எஸ்தர் உசில மரத்து விதைகளில் பாதியை வெட்டவெளியிலும், பாதியை அந்த மரங்களின் அடியில் முள்ளுக்குள் முழங்காலிட்டும் ஊன்றினாள்.

“நல்ல வெயில் படுத எடத்த விட்டுட்டு முள்ளுக்குள்ள போய்ப் பதுங்குதியே” என்று கேலி செய்தேன்.

“சும்மா இரு ஏட்டி. இந்த வெயிலு நமக்கே தாங்கல. ரெண்டு எல விட்டது தாங்குமா?”

பங்குனிக்குள் வெட்டவெளியில் ஒன்றும் மிஞ்சவில்லை. நிழலில் நின்றவை பிழைத்தன. ஆனால் சாண் உயரத்தைத் தாண்டவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவள் ஆஸ்பத்திரியில் படுத்தாள். கன்றுகளை என்னிடம் ஒப்படைத்தாள். நான் பருத்திக்காட்டில் வளர்ந்தவள். நிழல் விழுந்தால் செடி காய்க்காது என்று வரப்பு மரங்களின் கிளைகளைக் கழித்துவிடுவது எங்கள் வழக்கம். அவள் திரும்பி வரும்போது கன்றுகள் வளர்ந்து நிற்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

“மொட்டையா அடிச்சிரவா டீச்சர்?” என்று உடை மரக் கிளைகளைக் காட்டிக் கேட்டார், நான் வெட்டக் கூப்பிட்டிருந்த ஆடு மேய்க்கிறவர்.

“அடிங்க அண்ணாச்சி” என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கன்றுகள் எல்லாம் வெயிலில் கருகிக் கிடந்தன. குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை.

“கன்னு எப்படி இருக்கு?” என்று போனில் கேட்டாள்.

“நல்லா இருக்கு.”

“எத்தன எல?”

“ஏழு” என்றேன். அடுத்த வாரம் ஒன்பது என்றேன். “அப்போ ஆடிக்காத்தத் தாண்டிரும்” என்று சிரித்தாள்.

அந்தக் கன்றுகளுக்குப் பக்கத்தில் அவள் பெயரில் பலகை வைக்கப் போவதாகச் சொல்கிறீர்கள். அங்கே கன்றுகள் இல்லை. நான்தான் கொன்றேன். உடை மரங்கள் மறுபடி தழைக்கலாம். விதையோடு முள்ளுக்குள் நுழைய அவள் இல்லை. எனக்கு அந்தப் பக்கம் போகவே கால் வரவில்லை.

அடக்கம் முடிந்ததும் தம்பி, அவள் கன்றுகளின் கணக்கு எழுதி வந்த நோட்டைக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் எழுதிய கடைசிப் பக்கத்தில் ஏழு இலை, ஒன்பது இலை என்று நடுங்கும் கையெழுத்து. இரண்டுக்கும் எதிரில் ‘நேரில் பார்த்தவர்’ என்று என் பெயர். எஸ்தருடையது என்று என்னிடம் இருப்பது அந்த நோட்டு ஒன்றுதான். அந்தக் கடைசிப் பக்கம் முழுக்க என் பொய்.