டெல்ஃபின் அழைத்த நான்கு சாட்சிகள்

டெல்ஃபின் தோர்ன் ஹார்லோ பே ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அவள் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை அவள் சொல்லிக்கொள்வதில்லை. அவள் அண்ணன் வில்ஃப்ரெட்தான் கடையிலும் படகுத்துறையிலும் சாவு வீட்டிலும்கூடச் சொல்லிக்கொண்டிருப்பான்.

நகரசபையின் மரக் குழுவுக்கு அவள் போனதும் அந்தப் பேருந்தால்தான். சாலையோர மேப்பிள் மரக்கிளைகள் வண்டிக் கூரையை உரசுகின்றன என்று புகார் சொல்லப் போனாள். குழுவில் பூர்வகுடிகள் சார்பில் ஒருவர் வேண்டுமென்று அங்கே ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். பூர்வகுடிப் பெண்ணான அவளை உட்கார வைத்துவிட்டார்கள். கிளை வெட்டப்படவில்லை.

அந்த வசந்தத்தில் நகரசபை இரண்டு காரியங்களில் இறங்கியது. ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும், இந்த நிலம் பூர்வகுடிகளுடையது என்று ஒப்புக்கொண்டு ஓர் உரை வாசிப்பது ஒன்று. நிழலுக்காக ஊர் முழுக்க மரம் நடுவது இன்னொன்று. மேயர் பாட்ரிஷியா ஹென்லி இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். நூலகத்துக்குப் பின்னாலுள்ள சரிவில், பூர்வகுடிகளுக்கு மரியாதையாக, ஒரு தேவதாருத் தோப்பு.

தேவதாரு நல்ல மரம். டெல்ஃபினின் ஆட்கள் அதில் படகு குடைந்தவர்கள், அதன் பட்டையில் கூடை முடைந்தவர்கள். ஆனால் அந்தச் சரிவில் காமாஸ் இருந்தது. மேலே நீலப் பூ, அடியில் தின்னும் கிழங்கு. அவள் அம்மா வழிக் குடும்பத்துக்கு மிஞ்சியிருந்த கிழங்குச் சரிவு அது ஒன்றுதான். நூலகத்தின் குப்பைத் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு அவள் இன்றும் தோண்டப் போகிறாள். காமாஸுக்கு வெயில் வேண்டும். தோப்பு வளர்ந்தால் கிழங்கு செத்துவிடும்.

"குழுவுல சொல்லிப் பாத்தியா?" என்று கேட்டான் வில்ஃப்ரெட்.

"சொன்னேன். உங்க உணர்வைக் குறிச்சுக்கிட்டோம்னாங்க."

"அப்புறம்?"

"குறிச்சதோட சரி, அண்ணே."

"மரியாதைக்குன்னு நடுறாங்க. வேணாம்னா மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்கும்."

"நட்டா நம்ம வயித்துல அடிச்ச மாதிரி."

வில்ஃப்ரெட் காப்பியைக் குடித்து முடித்தான். "சரி, நம்ம முறைப்படி சாட்சி கூப்பிட்டுருவோம்."

கனமான பேச்சை அவர்கள் ஊரறியச் சாட்சிகளைக் கூப்பிட்டு, ஆளுக்குக் கால் டாலர் காசு இரண்டைக் கையில் வைத்துச் சொல்வார்கள். காசு வாங்கியவர், பின்னால் யார் கேட்டாலும் கேட்டதைக் கேட்டபடி சொல்லியாக வேண்டும். காரியத்துக்கு உரியவர் வாய் திறக்கக் கூடாது. வேறொருவர்தான் பேச வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் மேயர் உரையை வாசித்தார். இந்த நிலத்தைக் காத்து வந்தவர்களுக்கு நன்றி என்று முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பொதுமக்கள் பேசும் நேரம் வந்ததும் டெல்ஃபின் எழுந்து நின்றாள். பேசியது வில்ஃப்ரெட்.

"பேர் குடுத்தது அவங்க, பேசுறது நீங்க" என்றார் சபைச் செயலர்.

"அவ விஷயம். அதான் நான் பேசுறேன்."

செயலர் விதிகளைப் புரட்டினார். இதைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

டெல்ஃபின் தேர்ந்தெடுத்த சாட்சிகள் நால்வர்: மேயர், பூங்கா அதிகாரி, நூலகத் தலைவி, உறுப்பினர் ரஸல் ப்ரூட். ரஸல் அந்த உரைக்கு எதிராக ஓட்டுப் போட்ட ஒரே ஆள். நானும் இங்கதான் பொறந்தேன், என் பேரை யாரும் வாசிக்கலையே என்று கேட்டவர்.

"அந்தாளையா?" என்று முணுமுணுத்தான் வில்ஃப்ரெட்.

"அவரு பிள்ளைங்க எல்லாம் என் வண்டியில வந்ததுங்க. இரவல் வாங்கின பென்சிலக்கூடத் திருப்பிக் குடுக்கிற வீடு."

கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டும் என்று சொல்லி நால்வர் கையிலும் காசை வைத்தபின், வில்ஃப்ரெட் குரலை உயர்த்தினான். "அந்தச் சரிவு எங்க அம்மா வீட்டுக் கிழங்குத் தோட்டம். உயரமா வளர்ற எதையும் அதுல நடக்கூடாது. நீங்க நன்றி சொன்னதை நாங்க கேட்டோம். நாங்க சொன்னதை நீங்க கேட்டீங்க."

பதவியில் இருப்பவர்கள் அன்பளிப்பு வாங்கக் கூடாதென்று விதி இருந்ததால், மேயர் தன் காசைச் செயலரிடம் கொடுத்தார். செயலர் அதை உறையிலிட்டு ஒட்டினார். பூங்கா அதிகாரியின் காசு வெளியே வண்டி நிறுத்தக் கட்டணத்துக்குப் போயிற்று. நூலகத் தலைவியுடையது நன்கொடைப் பெட்டிக்கு. ரஸல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இலையுதிர்காலத்தில் தோப்புக்குக் கன்று வாங்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது.

"சாட்சிங்க சொல்லட்டும்" என்றான் வில்ஃப்ரெட்.

மனதைத் தொட்ட மாலை அது என்று மேயர் நினைவுகூர்ந்தார். ஏதோ மரத்தைப் பற்றித்தான் என்றார் பூங்கா அதிகாரி. நூலகத் தலைவி விடுப்பில் இருந்தார். டெல்ஃபின் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரஸல் எழுந்தார். இரண்டு காசையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அந்தச் சரிவு இவங்க அம்மா வீட்டுக் கிழங்குத் தோட்டம். உயரமா வளர்ற எதையும் அதுல நடக்கூடாது. சொன்னது இதுதான். நான் அந்த உரைக்கு எதிரா ஓட்டுப் போட்டேன், இன்னிக்கு வச்சாலும் போடுவேன். ஆனா காசு வாங்கிட்டேன். கூட்டத்துக்குக் கூட்டம் இவங்க நிலம்னு வாசிக்கிறோம், அப்புறம் இவங்க தோட்டத்துலயே போய் மரம் நடுறோம். ரெண்டுல ஒண்ணை நிறுத்துங்க."

உரையை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. தேவதாருக்களைப் பனிச்சறுக்கு அரங்கின் வண்டி நிறுத்துமிடத்துக்கு மாற்றினார்கள்.

வாசலில் ரஸல் காசை நீட்டினார். "இந்தாம்மா. வேலை முடிஞ்சுது."

"முடியல. நீங்க இருக்கிற வரைக்கும் நீங்கதான் சாட்சி."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம். சட்டை துவைக்கப் போடுறப்பல்லாம் எடுத்து வச்சு எடுத்து வச்சு என் பொண்டாட்டி திட்டுறா."

"துவைக்கிறப்பல்லாம் ஞாபகம் வருதுல்ல?"

ரஸல் காசைப் பழையபடி பைக்குள் போட்டுக்கொண்டு தன் வண்டிக்கு நடந்தார்.

இப்போது படகுத்துறையில் வில்ஃப்ரெட் சொல்வதற்கு விஷயம் இரண்டாகிவிட்டது. முதலில் வண்டியில் கீறல் இல்லாததைச் சொல்கிறான், பிறகு சரிவைப் பற்றி. மேப்பிள் கிளை இன்னும் உரசிக்கொண்டிருக்கிறது. அதற்கும் சாட்சி கூப்பிடலாமா என்று டெல்ஃபின் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.