பெல்ட்டா செயினா

முப்பத்திரண்டு வருஷம் நான் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருந்தவன். ஆணியிலிருந்து ஜெனரேட்டர் வரைக்கும் வாங்கிப் போட்டிருக்கிறேன். எதை வாங்குவதானாலும் மூன்று கொட்டேஷன், அதற்கு ஓர் ஒப்பீட்டுப் பட்டியல், பட்டியலுக்குக் கீழே என் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை ஒருத்தரும் கேள்வி கேட்டதில்லை. அப்பேர்ப்பட்டவன், மனைவிக்கு ஒரு எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்க முடியாமல் பத்து மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டேன் என்றால் தப்பு என்மேல் மட்டும் இருக்க முடியாது.

அவள் அடையாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். வீடு மயிலாப்பூரில். நான் ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. சாயங்காலம் அவளே பஸ் பிடித்து வந்துவிடுவாள். பின்னால் உட்கார்ந்துகொண்டு மந்தைவெளியில் ஒரு தரம், அடையாற்றுப் பாலத்தில் ஒரு தரம், "கொஞ்சம் வேகமாப் போங்க, பெல் அடிச்சிடுவாங்க" என்பாள். தினமும். நானும் தினமும் "போய்க்கிட்டுதானே இருக்கேன்" என்பேன்.

ஸ்கூட்டர் ஓட்ட அவளுக்கு வராது. நான் கற்றுக்கொடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை. ஆனால் சைக்கிள் ஓட்டுவாள். கல்லூரி நாளெல்லாம் சைக்கிளில் போனவள். போன ஆயுத பூஜைக்கு என் ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமலே சொன்னாள்: "ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுக்குள்ள யார் பின்னாலயும் உக்காராம நானே ஸ்கூலுக்குப் போகணும். பேட்டரி சைக்கிள் ஒண்ணு வாங்கிக் குடுங்க."

அவ்வளவுதான் கேட்டாள். பெரிய ஆசை இல்லை. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

முதலில் கெடுத்தவன் அவள் தம்பி. கே.கே. நகர்க்காரன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் உடம்போடு ஒட்டிய பனியனைப் போட்டுக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் மிதிக்கிற ஜாதி. தன்னுடைய எலெக்ட்ரிக் சைக்கிளைக் கொண்டுவந்து, "ஓட்டிப் பாருக்கா" என்றான். பின்சக்கரத்தில் ஒன்பது பல்சக்கரங்கள் அடுக்கியிருந்தன. கியர் மாற்றினால் ஒரு சின்னக் கை செயினைத் தூக்கி ஒன்றிலிருந்து இன்னொன்றில் போடுகிறது. அதற்கு டிரெய்லர் என்று பெயர். அவன் என்னவோ பிரெஞ்சில் சொன்னான், எனக்கு அப்படித்தான் கேட்டது. எங்கள் குடியிருப்பின் வாசலில் இரண்டு சுற்று வந்து அவள் இறங்கியபோது, புடவை ஓரத்தில் ஒரு முழத்துக்குக் கறுப்பு மை. நல்ல சுங்குடிப் புடவை.

"சுடிதார் போட்டுக்கச் சொல்லுங்க மாமா" என்றான் தம்பி. பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் புடவைதான் கட்ட வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்வது!

சரி, செயினே வேண்டாம் என்று தேடியபோதுதான் பெல்ட் வண்டி கண்ணில் பட்டது. ரப்பர் மாதிரி ஒரு பட்டை. எண்ணெய் வேண்டாம், துரு இல்லை, சத்தம் இல்லை. கியரெல்லாம் பின்சக்கரத்தின் நடுவில் ஹப் என்கிற உருளைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சிக்னலில் சும்மா நிற்கும்போதுகூட கியரை மாற்றலாம். புடவைக்கென்றே செய்த மாதிரி இருந்தது. நான் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தேன்.

அங்கே பிடித்தது சனி. பெல்ட்டை வெட்டி ஒட்ட முடியாது. அறுந்தால் முழுசாகப் புதுசு, அது இந்த ஊரில் எந்தக் கடையிலும் தொங்கவில்லை. அதை மாட்ட வண்டியின் சட்டத்திலேயே ஓர் இடத்தில் பிரிகிற மாதிரி வைத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், அந்த உருளைக்குள் தண்ணீர் போனால் யார் பிரிப்பது? செயின் என்றால் தெருக்கோடி மெக்கானிக்கே போதும். ஆனால் மோட்டார் இழுக்கிற இழுப்பில் செயின் சீக்கிரம் தேயும். இப்படி ஒரு பக்கம் ஒன்றைச் சேர்த்தால் மறுபக்கம் ஒன்று முளைத்தது.

தி. நகரில் ஒரு கடைக்குப் போனோம். ஏசி போட்ட கடை. காதில் ஏதோ மாட்டிய ஒரு பையன் வந்தான். "ஹப் கியர் வண்டி காட்டுங்க" என்றேன். "எல்லாமே ஹப் சார்" என்று காட்டினான். அது ஹப் மோட்டார். மோட்டார் அந்த உருளைக்குள் இருந்தால் கியர் எப்படி அதே உருளைக்குள் இருக்கும் என்று கேட்டேன். பேந்தப் பேந்த விழித்தான். பிறகு, "சார், இதுல மொபைல் சார்ஜ் பண்ணிக்கலாம்" என்றான். எனக்கு உச்சி முடி நட்டுக்கொண்டது. பெல்ட் வண்டி விற்பவர் ஊரிலேயே ஒருத்தர்தான் என்று வேறு சொன்னான். ஒரே ஒரு கொட்டேஷனை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பட்டியல் போடுவது? என் சர்வீசில் அப்படி ஒரு ஃபைலை நகரவிட்டதில்லை.

திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. இந்த ஊர்ல மேடு எங்க இருக்கு? எதுக்கு இத்தனை கியரு?"

"ஏன், அடையாற்றுப் பாலம் இல்ல?"

அவள் வாயைத் திறக்கவில்லை. தினம் அதன்மேல் போகிறவள், அது மேடுதான் என்று ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொண்டேன்.

மார்கழி போனது, மாசி வந்தது. பட்டியல் நாற்பது வரியைத் தாண்டியது. முதலில் வாரத்துக்கு ஒரு தரம் "என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், திடீரென்று கேட்பதை விட்டுவிட்டாள். நானே போய் "நேத்து ஒண்ணு பார்த்தேன், அஞ்சு கியரு" என்று ஆரம்பித்தால், "மெதுவாப் பாருங்க. அவசரமில்ல" என்பாள். எனக்கு வந்த கோபம்! யாருக்காக ராப்பகலாக உட்கார்ந்து படிக்கிறேன்? கேட்டவளுக்கே அக்கறை இல்லையென்றால் நான் எதற்கு? போதாததற்கு அந்தச் சமயத்திலிருந்து பள்ளியிலிருந்து வர ஒரு மணி நேரம் தாமதம். ஸ்பெஷல் கிளாஸ் என்றாள். வரும்போது முகம் கறுத்து, தலை கலைந்து, ஆனால் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வருவாள். ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துவிட்டு யாராவது பாட்டு முனகுவார்களா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆறாம் வகுப்புக்கு எதற்கு ஸ்பெஷல் கிளாஸ் என்றும் தோன்றவில்லை. என் மண்டைக்குள் அப்போது வேறெதற்கும் இடமில்லை.

மே மாதம் லீவு. எட்டு மணிக்கு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன், இரண்டு மூன்று தரம். "எங்க கிளம்பிட்டீங்க?" என்று அவள் கேட்ட ஒரு நாள், கறிவேப்பிலை வாங்க என்று சொல்லிவிட்டேன். வீட்டில் கறிவேப்பிலை இருந்தது.

ஜூலைக்குள் பட்டியலில் எல்லாம் அடங்கி ஒரே ஒரு வரி பாக்கி. பின்சக்கரப் பஞ்சர். வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். செயின் வண்டியில் சக்கரத்தை ஒரு நொடியில் கழற்றிவிடலாமாம். பெல்ட் வண்டியில் நட்டைக் கழற்றி, கியர் கம்பியைக் கழற்றி, திரும்ப மாட்டும்போது பெல்ட்டின் விறைப்பைச் சரிபார்த்து, அது பெரிய வேலையாம். நம் ஊரில் இதை யார் செய்வார்? இதற்கு மட்டும் விடை கிடைத்துவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

அதனால் ஒரு திங்கட்கிழமை அவளை இறக்கிவிட்டு, பள்ளிக்கு அடுத்த திருப்பத்தில் இருக்கும் பஞ்சர் கடைக்குப் போனேன். கடை என்றால் தூங்குமூஞ்சி மரத்தடி. கிளையில் தொங்கும் பழைய டயர்தான் பெயர்ப்பலகை. என் வயதுக்காரர் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சைக்கிளைச் சாய்த்துப் போட்டிருந்தார். நான் போனில் இருந்த படத்தைக் காட்டி, நட்டு, கியர் கம்பி, பெல்ட் விறைப்பு எல்லாவற்றையும் விளக்கி, "இதுல பின்சக்கரத்தைக் கழட்ட உங்களால முடியுமா?" என்று கேட்டேன்.

பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "வீல எதுக்கு சார் கயட்டணும்?" என்றார்.

"பஞ்சர் ஒட்டத்தான்."

"அதான் எதுக்குன்றேன்." கையில் இருந்த கம்பியை டயருக்குள் விட்டு நெம்பினார். ஒரு பக்கம் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்தது. உள்ளே கையை விட்டு டியூபை உருவி, காற்றடித்து, வண்டியிலிருந்தபடியே தண்ணீர் பேசினில் அமுக்கினார். குமிழி வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சக்கரம் இருந்த இடத்தில் இருந்தது. "ஓட்டை டியூப்ல கீது. வீலு அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது."

சின்ன வயதிலிருந்து ஆயிரம் தரம் பார்த்த காட்சி. இந்த ஊரில் சைக்கிள் பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. அதை மறந்துவிட்டு ஊர் பேர் தெரியாதவன் எழுதியதை நம்பி ஆறு வாரம் உட்கார்ந்திருந்தேன். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அவர் வேலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பேட்டரி சைக்கிள்னா பயப்படாத சார். நம்ம இஸ்கூல் டீச்சரம்மா ஒண்ணு வச்சிக்கினு கீறாங்க. போன வாரம்கூடப் பின்னாடி பஞ்சர். பத்து நிமிஷம்."

"அது பெல்ட்டா, செயினா?"

"செயினு. ஃபுல்லா மூடி வச்ச கவரு, பொடவ மாட்டாது."

"எத்தனை கியர்?"

"கியரே கெடையாது சார். இங்க இன்னா மலையா கீது?" உப்புத்தாளால் டியூபைத் தேய்த்தார். "தமாஷான அம்மா. அவங்க வூட்டுக்காரரு இன்னும் கம்ப்யூட்டர்ல பாத்துக்கினே கீறாராம், எத வாங்கறதுன்னு. பாவம், பாக்கட்டும்னு சொல்லிச்சி."

நான் ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

அவமானமாக இருந்தது. கோபமும்தான். வீட்டுக்கு வந்து பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, சாயங்காலம் அவள் வரும்வரை அதையே வெறித்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்: "ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சுதா?"

என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். மழுப்பவில்லை. பிப்ரவரியில் ஓய்வு பெற்ற லைப்ரரி டீச்சர் தன் வண்டியைக் கொடுத்துவிட்டுப் போனாராம். பள்ளி ஸ்டாண்டிலேயே நிற்கிறதாம். தினம் பள்ளி விட்டதும் பெசன்ட் நகர் கடற்கரை வரை ஒரு சுற்றுப் போய்விட்டு, வண்டியைத் திரும்ப ஸ்டாண்டில் விட்டுவிட்டு பஸ் ஏறுவாளாம்.

"அஞ்சு மாசமா! வீட்டுக்கு ஓட்டிக்கிட்டு வந்திருக்கலாம்ல? நீ கேட்டதே ஸ்கூலுக்கு நீயே போகணும்னுதானே?"

"ஆமா."

"அப்புறம் ஏன் காலைல என் பின்னால உக்காந்து வர?"

அவள் சொம்பை எடுத்தாள். தண்ணீர் குடித்தாள். சொம்பை வைத்துவிட்டு, "எட்டு மணிக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

நாற்பத்தாறு வரி எழுதியவன், இந்த ஒரு வரியை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பெல்ட்டும் சரியாகத்தான் இருந்தது, செயினும் சரியாகத்தான் இருந்தது. எதை வாங்கினாலும் மறுநாள் காலை எனக்கு வேலை இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த விஷயத்தை என்னிடம் சொல்லாமல் ஐந்து மாதம் சுமந்தவள் அவள்.

மறுநாள் எட்டு மணிக்கு, அவள் பையோடு வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றாள். "சாயங்காலம் வண்டியை வீட்டுக்கே ஓட்டிக்கிட்டு வந்துடு" என்றேன்.

"அப்போ நாளைக்குக் காலைல?"

"நாளைக்குக் காலைல நீயே போ."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மெட்ரோ வேலைக்குத் தகரம் அடித்த சந்துகளில் எல்லாம் வளைந்து, மந்தைவெளி தாண்டி, பாலத்தில் ஏறினோம். நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். எப்போதையும்விட மெதுவாக. பின்னால் ஒரு பஸ் ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தது. ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து ஏதோ திட்டிவிட்டுப் போனார். மணி எட்டு இருபதைத் தாண்டிவிட்டது. வேகமாகப் போங்கள் என்று அவள் சொல்லவே இல்லை.